மெடிகேருக்குப் பொருத்தம் பார்த்தவர்

நியூ ஜெர்சியில், எங்கள் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் அறுபத்தைந்து வயதைத் தாண்டிய தமிழர்களில், பொருத்தம் சாரிடம் திட்டு வாங்காதவர் ஒருவர்கூடக் கிடையாது. நான் வாங்கவில்லை என்று யாராவது சொன்னால், ஒன்று அவருக்கு இன்னும் அறுபத்தைந்து ஆகவில்லை, அல்லது அவர் பொய் சொல்கிறார். நானே மூன்று முறை வாங்கியிருக்கிறேன். அதில் ஒன்று கோயிலில், சர்க்கரைப் பொங்கல் வரிசையில் நிற்கும்போது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த அமெரிக்காவில் அறுபத்தைந்து வயதானால் அரசாங்கம் மெடிகேர் என்று ஒரு மருத்துவக் காப்பீடு தருகிறது. தருகிறார்களே என்று வாங்கி பீரோவில் வைத்துவிட முடியாது. அது முழுச் செலவையும் ஏற்காது. விடுபடும் பங்குக்கு நாமே மாதாமாதம் பணம் கட்டி ஒரு துணைப் பாலிசி வாங்கலாம். அல்லது மொத்தத்தையும் ஒரு தனியார் கம்பெனியின் பிளானில் ஒப்படைத்துவிடலாம். அதற்கு அட்வாண்டேஜ் என்று பெயர். யாருக்கு அட்வாண்டேஜ் என்று கேட்டுத்தான் பொருத்தம் சார் ஊரில் பாதிப் பேரைப் பகைத்துக்கொண்டார்.

சேலத்துக்காரர். ஒரு மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் முப்பது வருடம் இருந்தவர். அதாவது மாத்திரைகளைச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவர். ரிடையர் ஆனபிறகும் மனுஷனுக்குச் சந்தேகப்பட ஏதாவது வேண்டுமே. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஊர் லைப்ரரியின் ஜன்னலோர மேஜைக்கு வந்துவிடுவார். காய்கறி வாங்கும் இரண்டு சக்கரத் தள்ளுவண்டி நிறையப் பிளான் புத்தகங்கள், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு அடி ஸ்கேல், மஞ்சள் மார்க்கர். வருஷம் பூராவும் தலையில் குரங்குக் குல்லா. லைப்ரரிக்குள் ஹீட்டர் ஓடினாலும் கழற்றமாட்டார்.

முன்னால் போய் உட்கார்ந்தால் ஒரு தாளை நீட்டுவார். மேலே பிள்ளையார் சுழி. கீழே பத்துக் கட்டம். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பதுபோல இவர் மனிதருக்கும் பிளானுக்கும் பத்துப் பொருத்தம் பார்ப்பார். டாக்டர் பொருத்தம், மாத்திரைப் பொருத்தம், ஆஸ்பத்திரிப் பொருத்தம் என்று போகும். நம் டாக்டர் அந்தப் பிளானின் லிஸ்டில் இல்லையென்றால் உதட்டைப் பிதுக்கி, "ரஜ்ஜு தட்டுது" என்பார். அதற்கு மேல் என்ன கெஞ்சினாலும் அந்தச் சம்பந்தம் நடக்காது.

அவருடைய முதல் கேள்வி, உடம்புக்கு என்ன என்பது இல்லை. "பொண்ணு எந்த ஸ்டேட்?" என்பதுதான். புதிதாக வருகிறவர்களுக்கு இது வம்புக் கேள்வியாகத் தோன்றும். ஆனால் காரணம் இருந்தது. மற்றவர்கள் வயதானால் ஒரு இடத்தில் உட்காருவார்கள். நம் ஆட்கள் வயதானால்தான் கிளம்புவார்கள். மார்கழிக்குச் சென்னை, மகளுக்குப் பிரசவம் என்றால் டெக்சாஸ், மருமகளுக்கு வேலை மாறினால் கலிபோர்னியா. இந்தத் தனியார் பிளான்கள் பலவும் உள்ளூரோடு கட்டிப்போட்ட கன்றுக்குட்டி. வெளியூரில் எமர்ஜென்சி என்றால் பார்ப்பார்கள். மற்றதற்கெல்லாம் கயிறு எட்டாது.

இப்படித்தான் ஒருமுறை ஒரு கோயம்புத்தூர்க்காரரிடம், "பொண்ணுக்கு விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்டுவிட்டார்.

"அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகலீங்க சார்" என்றார் அவர், முகம் சிவந்து.

"சரி. ஆனா, எந்த ஊர்ல ஆகும்?"

கோயம்புத்தூர்க்காரர் எழுந்து போய்விட்டார். ஆறு மாதம் கோயிலில் பார்த்தால் தூணுக்கு அந்தப் பக்கம் நின்றார். பிறகு மகளுக்கு டாலஸில் மாப்பிள்ளை அமைந்தது. முகூர்த்தப் பத்திரிகை அச்சாகும் முன்பே மனிதர் இனிப்பு டப்பாவோடு லைப்ரரிக்கு வந்து, பிளானை மாற்ற வேண்டும் என்று வரிசையில் உட்கார்ந்தார்.

தனியார் கம்பெனிகள் நடத்தும் விளக்கக் கூட்டம் ஒன்றையும் அவர் விடமாட்டார். ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்த கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். கோட்டு போட்ட பையன் ஒருவன் தேன் ஒழுகப் பேசினான். பொருத்தம் சார் அவர்களுடைய டாக்டர் புத்தகத்தைப் பிரித்து, ஸ்கேலை வைத்து, நாற்பத்தோராம் பக்கத்தில் நான்காவது பெயரைப் படித்தார். பையன் பெருமையோடு, ஆமாம் சார், அவர் எங்கள் நெட்வொர்க்கில்தான் இருக்கிறார் என்றான். பொருத்தம் சார் சேதியை ஆங்கிலத்தில் அவனிடம் சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "நெட்வொர்க்குல இருக்கார். உலகத்துல இல்லை. போன வருஷம் நான்தான் மாலை வாங்கிட்டுப் போனேன்."

அன்றிலிருந்து அவர் எந்தப் புத்தகத்தையும் நம்பாமல் லிஸ்டில் இருக்கும் டாக்டர்களுக்கெல்லாம் தானே போன் போட ஆரம்பித்தார். எங்கள் மிடில்செக்ஸ் கவுன்ட்டி டாக்டர்களின் ரிசப்ஷனிஸ்டுகள் அத்தனை பேருக்கும் அவர் குரல் தெரியும். ஒருத்தி தன் அம்மாவுக்கு எந்தப் பிளான் எடுக்கலாம் என்று அவரிடமே கேட்டாளாம்.

இன்னொரு கதையும் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் ஒரு தம்பதி. கணவருக்குச் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு என்று சகலமும் உண்டு. மனைவிக்கு ஒன்றும் கிடையாது. மெடிகேர் ஆளுக்கு ஆள் தனித்தனி என்பதால், கணவருக்கு அரசாங்க மெடிகேரும் துணைப் பாலிசியும், மனைவிக்குத் தனியார் பிளானும் என்று சார் தீர்ப்பெழுதினார். அந்த அம்மாள் லைப்ரரியிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாற்பது வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவர்களைப் பிரிக்கிறீர்களே என்றார். அவர் பயந்தது வேறு எதற்கோ என்று எனக்குப் பட்டது. தனித்தனிக் கார்டைப் பார்த்தால் ஊர் என்ன பேசும் என்ற கவலை. பொருத்தம் சார் பொறுமையாகச் சொன்னார்: "பிளான்லதாம்மா பிரிவினை. வீட்டுல இல்லை." அவர் கேட்கவில்லை. இருவரும் ஒரே தனியார் பிளானில் சேர்ந்தார்கள். ஜனவரியில் கணவரின் சர்க்கரை மருந்து விலையைக் கேட்டதும் அந்த அம்மாளே போன் செய்து, மார்ச்சுக்குள் மாற்ற வழி உண்டா என்று விசாரித்தார். இருந்தது. சாரே மாற்றியும் கொடுத்தார். திட்டிக்கொண்டே.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன்.

ஆகஸ்டில் என் வீட்டுக்காரருக்கு அறுபத்தைந்து நிறைந்தது. அதற்கு மூன்று மாதம் முன்பே அவர் மனதில் ஒரு தனியார் பிளானை வரித்துவிட்டார். மாதக் கட்டணம் பூஜ்யம். பல் இலவசம், கண்ணாடி இலவசம், ஜிம் இலவசம். இந்த மனிதர் வாழ்க்கையில் ஜிம்முக்குப் போனது ஒரே ஒரு முறை, அதுவும் விலாசம் மாறி. ஆனால் இலவசம் என்று கேள்விப்பட்டதும் ஷூ வாங்கிவிட்டார்.

நான்தான் இழுத்துக்கொண்டு போய் அந்த மேஜை முன்னால் உட்கார வைத்தேன். பொருத்தம் சார் வழக்கம்போல் ஆரம்பித்தார். மகள் காயத்ரி டெக்சாஸில், ரவுண்ட் ராக்கில் இருக்கிறாள் என்றேன். இரண்டாவது குழந்தைக்கு யோசிக்கிறார்களா என்றார். யோசிக்கிறார்கள் என்றேன். அப்போது அங்கே போய் எத்தனை மாதம் இருப்பீர்கள் என்றார். ஐந்து மாதமாவது என்றேன். மார்க்கரை மூடிவிட்டார்.

"வேணாம் சார். இந்தப் பிளான் உங்களை நம்ம ஊரை விட்டு அசைய விடாது. மாசம் கொஞ்சம் கட்டினாலும் பரவாயில்லை, கவர்மென்ட் மெடிகேரையே வெச்சுக்கிட்டு ஒரு துணைப் பாலிசி எடுங்க. எந்த ஊர் டாக்டரும் பார்ப்பார்."

"சும்மா குடுக்கறான் சார்" என்றார் என் வீட்டுக்காரர். "தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கலாமா?"

"இங்க மாடுதான் சார் உங்க பல்லைப் பிடிச்சுப் பார்க்குது."

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அதுதான் வினை. என் வீட்டுக்காரருக்கு எதையும் தாங்க முடியும், பொது இடத்தில் சிரிப்பை மட்டும் தாங்க முடியாது. எழுந்து நின்று, லைப்ரரி முழுவதும் கேட்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டார்.

"துணைப் பாலிசி வாங்க வெச்சா, உங்களுக்கு அதுல எவ்வளவு சார் கமிஷன்?"

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அந்த மனிதர் யாரிடமும் ஒரு காபி தவிர எதையும் வாங்கியதில்லை. அதுவும் சர்க்கரை இல்லாமல். ஸ்கேல், பூதக்கண்ணாடி, மார்க்கர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வண்டியில் வைத்தார். குல்லாவைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார். என் வீட்டுக்காரர் பூஜ்யம் பிளானில் சேர்ந்தார். பத்து மாதம் பொருத்தம் சாருக்கும் எங்களுக்கும் பேச்சு இல்லை. கோயிலில் எதிர்ப்பட்டால் நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

என் வீட்டுக்காரர் ஜிம்முக்கு நான்கு நாள் போனார். ஒரு பல்லுக்குத் தொப்பி போட்டுக்கொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் வாயைத் திறந்து காட்டினார். நான் எரிச்சலோடு சகித்துக்கொண்டேன்.

மார்ச்சில் ரவுண்ட் ராக்குக்குப் பறந்தோம். மே மாதம் காயத்ரிக்கு ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்தது. மூத்தவனுக்கு நான்கு வயது. மாப்பிள்ளைக்கு லீவு தீர்ந்துபோனது. சமையல், குழந்தைக்குக் குளியல், மூத்தவனுக்கு டேகேர் என்று நான் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது, ஜூன் முதல் வாரத்தில் ஒரு நாள் என் வீட்டுக்காரர் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் கராஜ் வாசலில் அப்படியே மடங்கி விழுந்தார்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். அதை எமர்ஜென்சி என்று பிளான் ஏற்றுக்கொண்டது. குறை சொல்லக் கூடாது. இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, சில வாரங்களுக்குள் மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். தள்ளிப்போடாதீர்கள் என்று என்னைத் தனியாக அழைத்து இன்னொரு தடவை சொன்னார்.

கம்பெனிக்குப் போன் செய்தேன். எமர்ஜென்சி முடிந்துவிட்டது, ஆபரேஷனை நியூ ஜெர்சிக்குத் திரும்பி எங்கள் லிஸ்டில் உள்ள ஆஸ்பத்திரியில்தான் செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்கள். நான் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரோடு நான் போனால் தையல் ஆறாத பெண்ணை மூன்று வாரக் குழந்தையோடு விட்டுப் போக வேண்டும். நான் போகாவிட்டால், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிற மனுஷன் அங்கே பூட்டின வீட்டில் தனியாக இருக்க வேண்டும். அன்றைக்குச் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் போன் அடித்தது. பொருத்தம் சார். கோயிலில் யாரோ சேதி சொல்லியிருக்கிறார்கள். எப்படி இருக்கிறார் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

"மேடம், போன ஆகஸ்ட் ஒண்ணாம் தேதிதானே அவர் அந்தப் பிளான்ல சேர்ந்தார்? அப்ப இன்னும் வருஷம் முடியலை. பேப்பர் எடுங்க, பேனா எடுங்க."

சட்டத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறதாம். அறுபத்தைந்தில் முதல்முறையாகத் தனியார் பிளானில் சேர்ந்தவர், பன்னிரண்டு மாதத்துக்குள் பிடிக்கவில்லை என்றால் அரசாங்க மெடிகேருக்கே திரும்பிவிடலாம். அந்த ஒரு வருடத்துக்குள் போனால், உனக்கு இதய நோய் இருக்கிறதே என்று சொல்லித் துணைப் பாலிசிக் கம்பெனி கதவைச் சாத்த முடியாது. வருடம் தாண்டினால் சாத்தலாம். ஜூலை முப்பத்தொன்று வரை நேரம் இருந்தாலும், ஜூன் முடிவதற்குள் காகிதமெல்லாம் முடிந்தால்தான் ஜூலை முதல் தேதி புது ஏற்பாடு அமலுக்கு வரும் என்றார். ஆபரேஷன் இங்கேயே, அதே டாக்டரிடம் நடக்கும்.

அடுத்த மூன்று நாளும் அவர் எங்களோடு போனிலேயே குடியிருந்தார். அவர் நியூ ஜெர்சியில், நாங்கள் டெக்சாஸில், நடுவில் பாலிசி விற்கும் கம்பெனியின் பெண். அவள் கேட்கிற கேள்விக்கு மட்டும் என் வீட்டுக்காரர் பதில் சொல்ல வேண்டும் என்பது சாரின் உத்தரவு. அந்தப் பெண் அவர் உடல்நிலையை விசாரிக்க ஆரம்பித்தாள். இவர், பழக்கதோஷம், தன் பல்லிலிருந்து தொடங்கினார்.

"சார், வாயை மூடுங்க" என்று தமிழில் ஒரு அதட்டல் வந்தது. பிறகு பொருத்தம் சாரே ஆங்கிலத்தில், இந்த விண்ணப்பத்துக்கு நோய்க் கேள்வியே கேட்கக் கூடாது, உங்கள் சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள் என்றார். சூப்பர்வைசர் வந்தார். அவருக்கும் பாடம் நடந்தது. கடைசியில் அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறு படிவம் அனுப்பினார். என் வீட்டுக்காரர் அத்தனை நேரமும் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நன்றி சொல்லுங்கள் என்று நான் ஜாடை காட்டினேன். தொண்டையைக் கனைத்தார். அதோடு சரி.

புதுக் கார்டு தபாலில் ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டுக்குத்தான் வரும். ஜூன் கடைசியில் எதிர்வீட்டு அமெரிக்கப் பெண்மணி எனக்குப் போன் செய்தாள். உன் வீட்டுத் தபால்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் மடக்கு நாற்காலி போட்டுத் தினமும் உட்கார்ந்திருக்கிறார், போலீஸைக் கூப்பிடட்டுமா என்றாள். தலையில் என்ன என்று கேட்டேன். இந்த வெயிலில் கம்பளிக் குல்லா என்றாள். வேண்டாம், முடிந்தால் ஒரு கிளாஸ் தண்ணீர் கொடு என்றேன். ஐந்தாம் நாள் கார்டின் போட்டோ என் போனுக்கு வந்தது. கூடவே, சிஸ்டத்தில் அது உயிரோடு இருக்கிறதா என்று தானே விசாரித்துவிட்டதாக ஒரு வரி.

ஜூலை இரண்டாம் வாரம் ஆபரேஷன். காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் எங்கள் கையில் படிவத்தைக் கொடுத்தார்கள். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள இரண்டு பேர் வேண்டும். முதலில் என் பெயர். இரண்டாவதாகக் காயத்ரி பெயரை எழுதப் போனேன். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார்.

"அவ பச்சை உடம்புக்காரி. பயந்துடுவா. அவரைப் போடு."

யாரை என்று நான் கேட்கவில்லை. பேனாவைத் தாளில் வைத்தேன், எழுத ஓடவில்லை. அவரைப் பார்த்தேன், அவரும் என்னைப் பார்த்தார். எங்கள் இருவருக்குமே அந்த மனிதரின் பெயர் தெரியாது. என் போனிலும் பொருத்தம் சார் என்றுதான் இருந்தது.

கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்க பேர் என்ன?"

"எதுக்கு மேடம்? கார்டுல ஏதாவது பிரச்சனையா?"

"இல்ல சார். எமர்ஜென்சி காண்டாக்டுக்கு உங்க பேரை எழுதச் சொல்றார்."

"அதுக்குச் சொந்தக்காரங்க யாரையாவது போடுங்க மேடம். என்ன உறவுன்னு ஒரு கட்டம் இருக்கும். அதைக் காலியா விடக் கூடாது."

என் வீட்டுக்காரர் போனை வாங்கிக்கொண்டார். "பிரதர்னு எழுதச் சொல்லியிருக்கேன்."

விளம்பரத்துக்குக் கூப்பிடுகிறவர்களிடமே ஒரு மணி நேரம் பேசக்கூடிய மனிதர் பொருத்தம் சார். இப்போது ஐந்தே வார்த்தை சொன்னார்.

"உங்களைவிட நான் ஆறு வருஷம் பெரியவன்."

"தெரியுங்கண்ணா" என்றார் என் வீட்டுக்காரர். "அன்னிக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுங்கண்ணா."

பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார், எழுதிக்கொண்டேன். அது அந்தப் படிவத்திலேயே இருக்கட்டும். நர்ஸ் வந்து கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனாள். கதவு மூடியது. போனை அணைக்கப் போனேன்.

"வெக்காதீங்க மேடம்" என்றார். "நான் லைன்லயே இருக்கேன்."

டாக்டர் வெளியே வந்து நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல இரண்டரை மணி நேரம் ஆனது. அதுவரை நாங்கள் பேசிக்கொண்டது பத்து வார்த்தை இருக்காது. ஆனால் போனை நான் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டே இருந்தது; எனக்கு அது போதுமாக இருந்தது.